பதினேழாம் தேதி அறிவிப்பு

சொர்ணலதாவும் ஜீவிதாவும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஜீவிதாவின் அப்பா வங்கி அதிகாரி, குவெம்பு நகரில் சொந்த வீடு. சொர்ணலதாவின் அப்பா அய்யாவு, தமிழ்நாட்டு எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து கரண்டியோடு மைசூருக்கு வந்த கொத்தனார். இருபது வருஷத்தில் முப்பது ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாகியிருந்தார். இந்த இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து தொழில் தொடங்கப் போகிறார்கள் என்றபோது இரண்டு வீட்டிலும் யாரும் நம்பவில்லை. ஆனால் 1998 தீபாவளி கழிந்ததும் சரஸ்வதிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்துவிட்டார்கள். கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது வேலை. கம்ப்யூட்டர் ஜீவிதாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது. புரோகிராம் எல்லாம் சொர்ணலதாவின் தலையிலிருந்து வந்தது. வாடிக்கையாளர்களிடம் பேசுவது ஜீவிதா. அவள் பேசினால் கல்லும் ஒரு வெப்சைட் கேட்கும்.

முதல் பெரிய வாடிக்கையாளர் பில்டர் சிவகுமார். போகாதி சாலைக்கு அப்பால் அறுபது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கியவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். தங்கள் வீடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதனால் வாரம் ஒருமுறை கட்டட வேலையைப் பற்றி நாலு வரியும் இரண்டு படமும் போடுவதென்று பேச்சு. அங்கே மேஸ்திரி அய்யாவுதான். ஆகவே சனிக்கிழமைதோறும் கேமராவோடு போய்ப் பார்த்து எழுதுவது சொர்ணலதா பொறுப்பாயிற்று. ஒவ்வொரு செய்திக்கும் மேலே அது வெளியான தேதி இருக்கும், கீழே அவள் பெயர் இருக்கும்.

அந்தத் தேதி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதலில் 6/2/99 என்று போட்டாள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் காரமாக எழுதினார்: ஜூன் மாதம் இன்னும் வரவே இல்லை, அதற்குள் இரண்டாம் தேதி கூரை போட்டுவிட்டதாக யாரை ஏமாற்றுகிறீர்கள்? அந்த ஊரில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராகப் போடும்படி புரோகிராமை மாற்றினாள். பிறகு பார்த்தால், காலையில் ஏற்றுகிற செய்தி முந்தின நாள் தேதியைக் காட்டியது. வெப்சைட்டை வைத்திருந்த கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருந்ததால் அதன் கடிகாரம் பத்துப் பதினோரு மணி நேரம் பின்னால் ஓடியது. அந்த வித்தியாசத்தையும் கூட்டிக் காட்ட வைத்தாள். கடைசியில் கிழமையையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும்படி செய்தாள். 'சனிக்கிழமை, 13 பிப்ரவரி 1999' என்று திரையில் தெரிந்தபோது ஜீவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு லதா," என்றாள் ஜீவிதா.

ஒரு குறை மட்டும் இருந்தது. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைத்தான் புரோகிராம் தேதியாக எடுத்துக்கொண்டது. பழைய செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது இன்றைய செய்தியாகி மேலே வந்து நின்றது. ஜீவிதா சலித்துக்கொண்டாள். "இது சரிப்படாது லதா. தேதிய நாமே கையால டைப் பண்ற மாதிரி பண்ணிடேன். ஃபைல்ல முதல் லைன் தேதி, ரெண்டாவது லைன் பேரு. அவ்ளோதான்."

நியாயமான யோசனை. சொர்ணலதா ஒரு மத்தியானத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே புரோகிராம் அழகாக அலங்கரித்துக் காட்டியது.

மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை யுகாதி. ஆட்கள் பாதிப்பேர் ராமாபுரம், மார்டள்ளி என்று சொந்த ஊர்களுக்குப் போய்விட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்பியிருந்தார்கள். சனிக்கிழமை காலை முழு ஆளும் வேலைக்கு நின்றது.

மனையின் வடக்குப் பக்கம் பள்ளம். அங்கே பத்தடி உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் காய்வதற்குள் மண்ணைக் கொட்டியாயிற்று. யுகாதிக்கு முன்பே அதில் விரிசல் விட்டிருந்தது. அய்யாவு அதை சைட் இன்ஜினியரிடம் காட்டி, பக்கத்தில் தூண் எழுப்பாமல் இங்கே ஆளை நிறுத்த முடியாது என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், வேலை நிற்கக் கூடாது என்று பதில் வந்தது.

பத்தரை மணிக்குச் சுவர் விழுந்தது. கீழே சாந்துச் சட்டியோடு நடந்துகொண்டிருந்த பாப்பம்மாள் மண்ணுக்குள் போய்விட்டாள். இன்னும் இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. சொர்ணலதா கேமராவோடு போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் கேமராவைக் கீழே போட்டுவிட்டுத் தோண்டினாள். பாப்பம்மாளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ராமாபுரத்துக்காரி, முப்பத்து நாலு வயது. சொர்ணலதா பாவாடை கட்டிய காலத்திலிருந்து அய்யாவுவின் ஆட்களோடு இருந்தவள். "அம்மிணி, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள என்னையும் ஒருக்கா காட்டு" என்று சனிக்கிழமைதோறும் கேட்பாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து சொர்ணலதா ஜீவிதாவுக்கு போன் செய்தாள். அவள் இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். மண் ஒட்டியிருந்த சொர்ணலதாவின் கைகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டாள். பிணவறைக்கு முன்னால் மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாப்பம்மாளை ஊருக்கு எடுத்துப்போக வண்டி வந்தபோது சொர்ணலதாவின் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"நீ அப்பாகூடப் போ லதா. ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வா. ஆபீஸ நான் பாத்துக்கறேன். எதையும் யோசிக்காதே."

அந்த வார்த்தையைச் சொர்ணலதா நெஞ்சில் வைத்துக்கொண்டு போனாள். ராமாபுரத்தில் பாப்பம்மாளின் புருஷன் லிங்கப்பன் யாரிடமும் பேசாமல் வாசலில் குந்தியிருந்தான். எல்லாக் காரியமும் முடிந்து, செவ்வாய்க்கிழமை மாலை அப்பாவும் மகளும் மைசூர் திரும்பினார்கள்.

புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அய்யாவு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, உன்ன ஒன்னு கேக்கோணும்."

"என்னுங்கப்பா?"

"வடக்குச் செவுத்துப் பக்கம் யாரும் போவக்கூடாதுன்னு எனக்கு சொல்லிப்போட்டதா, உன்ற கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்குதாமா. காயிதத்துல எடுத்துட்டு வந்து அந்த ஆபீசருகிட்டக் குடுத்தாங்க. பதினேழாந் தேதி எழுதினதாமா. யுகாதிக்கு மொத நாளு."

சொர்ணலதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படி ஒன்னும் நான் எழுதலீங்களே."

"கீழ உன்ற பேரு இருக்குது. ஆபீசரு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாரு. லிங்கப்பன் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தான். சொல்லியும் கேக்காம மேஸ்திரிதான் பொம்பளைய அங்க அனுப்பிக் கொன்னுபோட்டான்னு பில்டரு சொல்றாரு. உன்ற மகளே எழுதியிருக்காளே, நீ என்ன சொல்றேன்னு ஆபீசரு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? நீ எழுதினயா, இல்லியா? அத மட்டும் சொல்லு கண்ணு."

"இல்லீங்கப்பா. சத்தியமா இல்லீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டி வந்துவிட்டதே.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆபீசைத் திறந்தாள். போன் லைன் கிடைக்க நாலு தரம் டயல் செய்ய வேண்டியிருந்தது. பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே விரிந்தது.

'புதன்கிழமை, 17 மார்ச் 1999. வடக்குச் சுவரில் விரிசல் காணப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் எவரையும் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று மேஸ்திரி அய்யாவுவிடம் தெரிவிக்கப்பட்டுள்ளது.' கீழே, சொர்ணலதா.

தேதி அச்சடித்தது போல இருந்தது. கிழமை சரியாக இருந்தது. முன்பு வந்த செய்திகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு கணம் தான்தான் எழுதி மறந்துவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கோப்பு எப்போது சேமிக்கப்பட்டது என்று பார்த்தாள். திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் தேதி. அது போதாது என்று அவளுக்கே தெரியும். அன்றைக்கு எழுத்துப்பிழை திருத்தினோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னொன்று இருந்தது. உலகத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அமெரிக்காவில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும்: எந்தப் பக்கம், எந்த நாள், எத்தனை மணி, எங்கிருந்து. அந்தப் பதிவை இறக்கிப் பார்த்தாள். வழக்கமான சனிக்கிழமைச் செய்தியை ஒரே நாளில் இருபது பேராவது திறந்திருந்தார்கள். பதினேழாம் தேதிச் செய்தியைப் பதினேழாம் தேதி ஒருவரும் திறக்கவில்லை. பதினெட்டிலும் இல்லை, பத்தொன்பதிலும் இல்லை. முதன்முதலாக அதைத் திறந்தது திங்கட்கிழமை மாலை நாலு பத்துக்கு. அதுவும் இந்த அறையிலிருந்து.

அதை ஃபிளாப்பியில் ஏற்றினாள். பிரிண்ட் போட்டாள். காகிதம் வந்து முடிவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"எப்ப வந்தே லதா?" ஜீவிதா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "ஊர்ல எல்லாம் ஆச்சா? சாப்ட்டியா?"

"பதினேழாம் தேதி நான் ஒன்னும் எழுதலையே ஜீவி."

ஜீவிதா திரையைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தாள். பொய் சொல்லவில்லை, அந்த ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும்.

"திங்கட்கிழமை சிவகுமார் சார் வந்து இங்கேயே உக்காந்துட்டார். இன்ஜினியர் உங்கப்பாகிட்ட வாயால சொல்லியிருந்தாராம், எழுத்துல மட்டும் இல்லையாம். சொன்னதத்தானே எழுதப் போறோம், இதுல என்ன தப்புன்னார்."

"எங்கப்பாகிட்ட யாருமே சொல்லல. எங்கப்பாதான் அவங்ககிட்டச் சொன்னார்."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"என்னக் கேட்டிருக்கலாம். ராமாபுரத்துல போன் இல்லையா? கடையில ரெண்டு இருக்கு. நம்பர் எழுதிக் குடுத்துட்டுத்தானே போனேன்."

ஜீவிதா ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தாள்.

"என் பேர ஏன் போட்டே?"

"அந்தப் பக்கத்துல எப்பவும் உன் பேர்தானே வரும்."

"ஜீவி."

"அவர்தான் சொன்னார்." ஜீவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மேஸ்திரி பொண்ணு பேரே இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு."

தனக்குக் கோபம் வரும் என்று சொர்ணலதா நினைத்தாள், கோபம் வரவில்லை. குழாயடியில் தன் கைகளைக் கழுவிவிட்ட கை இது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. சனிக்கிழமை அதைச் செய்த கைதான் திங்கட்கிழமை இதை டைப் அடித்திருக்கிறது. சனிக்கிழமை அழுததும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"பிடு லதா, விட்டுடு," என்றாள் ஜீவிதா, கன்னடமும் தமிழுமாக. "இன்ஷூரன்ஸுக்குக் காட்டத்தான் கேக்கறார்னு நினைச்சேன். உங்கப்பாவ இழுப்பாங்கன்னு தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுதில்ல? என்கூட வந்து ஆபீசர்கிட்ட நீயே சொல்லு."

"சொன்னா நம்ம கம்பெனி என்னாகும்? பொய்த் தேதி போடறவங்கன்னு ஊரெல்லாம் பேசும். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா? கொஞ்சம் யோசி. சிவகுமார் சார் உங்கப்பாவுக்கு ஒன்னும் ஆகாமப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"எங்கப்பாவுக்கு ஆனதச் செஞ்சதே அவர்தானே."

"நீதானே லதா தேதிய டைப் பண்ற மாதிரி மாத்தினே," என்றாள் ஜீவிதா மெல்ல. சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சொர்ணலதா காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து தன் நோட்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது ஜீவிதா பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. மறுநாள் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வெப்சைட்டுக்குள் நுழைய முயன்றபோது சொர்ணலதாவின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை தொடர்ந்தது. அதிகாரி கன்னடத்தில் பேசினார். ஐம்பது வயது மனிதர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்று அவரே சொன்னார். ஒரு பக்கம் சிவகுமாரும் அவருடைய வக்கீலும். அவர்களுக்குப் பின்னால் ஜீவிதா. இன்னொரு பக்கம் அய்யாவு. கதவோரமாக லிங்கப்பன், அய்யாவுவைத் திரும்பியும் பார்க்காமல் நின்றான்.

சொர்ணலதா நடந்ததைச் சொல்லிக் காகிதங்களைக் கொடுத்தாள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவற்றைப் புரட்டினார்.

"இந்தத் தேதி காட்டுற புரோகிராமைச் செஞ்சது யாரம்மா?"

"நான்தான் சார்."

"அப்ப எந்தத் தேதி வேணும்னாலும் உன்னாலயும் காட்ட முடியும்?"

"முடியும் சார். தேதி வரியில எதை எழுதினாலும் அது அப்படியே காட்டும். அதனாலதான் அந்தத் தேதிய நம்பாதீங்கன்னு சொல்ல வந்திருக்கேன். இப்ப நான் குடுத்திருக்கிறது எங்க யார் கையும் படாதது. அமெரிக்காவில அந்தக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க. அவங்களே சொல்லுவாங்க."

அதிகாரி ஜீவிதா பக்கம் திரும்பினார். "நீங்க பார்ட்னராம்மா? நீங்க என்ன சொல்றீங்க?"

ஜீவிதா எழுந்து நின்றாள். வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள் போலக் கன்னடத்தில் தடங்கலில்லாமல் சொன்னாள். "அந்தச் செய்தியப் போட்டது சொர்ணலதாதான் சார். பதினேழாம் தேதியே போட்டா. இப்ப அவங்கப்பா மேல பழி வருதுன்னதும் மாத்திப் பேசறா. அவ நிலைமை எனக்குப் புரியுது. நான் அவளக் குத்தம் சொல்லல."

ஆபீசில் நடந்ததற்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அந்தக் கன்னடம் நன்றாகவே புரிந்தது. அவர் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். லிங்கப்பன் முதன்முறையாகத் தலையைத் தூக்கிச் சொர்ணலதாவைப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சொல்றது உண்மைன்னு இதுல கையெழுத்துப் போடுவியா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார். "பொய்னு தெரிஞ்சா கேஸ் உன் மேல வரும்."

"போடறேன் சார்."

ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். எழுத்து தெளிவாகவே விழுந்தது. அதிகாரி நல்லவராகவோ பிடிவாதக்காரராகவோ இருக்க வேண்டும். உண்மையிலேயே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார்.

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை அய்யாவுவை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு மேஸ்திரியிடம் போனார்கள். ராமாபுரத்துக்காரர்கள் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழியிலிருந்து தப்பப் பெற்ற மகளையே பொய் சொல்ல வைத்ததாகச் சிலர் பேசினார்கள். அப்பனைக் காட்டிக்கொடுத்த மகள் என்று சிலர் பேசினார்கள். சொர்ணலதா நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து தினமும் ரயிலில் போய்வந்தாள். ஜீவிதாவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஒருநாள் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், மூடியிருந்த ரயில்வே கேட்டில் ஜீவிதா ஸ்கூட்டரோடு நிற்பதைச் சொர்ணலதா பார்த்தாள். ஜீவிதாவும் பார்த்தாள். கேட் திறக்கும் வரை இரண்டு பேரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. அந்தக் கோப்பு மார்ச் இருபத்திரண்டாம் தேதிக்கு முன்பு தங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததே இல்லை என்று அந்தக் கம்பெனி எழுதியிருந்தது. அய்யாவு மேல் பழியில்லை என்று அதிகாரி எழுத்தில் கொடுத்தார். பில்டர் மேல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜீவிதாவைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தபோது, சிவகுமார் சொன்னதைத்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தாளாம். சொர்ணலதாவின் பெயர் அதில் இல்லையாம்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கப்பன் வீட்டுக்கு வந்தான். அய்யாவு புதிதாகக் கிடைத்த ஒரு சின்ன வேலையைப் பார்க்கப் போயிருந்தார். சொர்ணலதா உள்ளே வரச் சொன்னதற்கு லிங்கப்பன் வரவில்லை. கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டே நின்றான்.

"ஆபீசுல படிச்சுக் காட்டினாங்க அம்மிணி. அண்ணன் மேல தப்பில்லைன்னாங்க."

"சரிங்கண்ணா."

"நாலு மாசமா உங்க ரெண்டு பேரையுந்தான் திட்டிட்டு இருந்தேன். அவ படத்துக்கு முன்னால நின்னு திட்டினேன். ஊரெல்லாஞ் சொன்னேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இப்ப ஊர்ல ஒவ்வொருத்தன்கிட்டயா போயி, அப்படி இல்லீங்கன்னு சொல்லிட்டு வாறேன். பாதிப் பேரு நம்பறதில்ல. பேரு இருந்துதே, பேரு இருந்துதேங்கறாங்க."

சொர்ணலதா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"அந்தப் புள்ள உன்ற கூடப் படிச்சவதான? அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்கும் தண்ணி வாங்கிக் குடுத்தா," என்றான் லிங்கப்பன். "ஏன் அம்மிணி அப்படிப் பண்ணினா?"

மூன்று மாதமாக ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பயத்தால் என்றும் நினைத்துப் பார்த்திருந்தாள், தொழிலுக்காக என்றும் நினைத்துப் பார்த்திருந்தாள். எதுவும் குழாயடியில் கைகழுவிவிட்டவளோடு பொருந்தவில்லை.

"தெரியலீங்கண்ணா," என்றாள்.

லிங்கப்பன் தலையாட்டினான். ராமாபுரத்துக்கு பஸ் பன்னிரண்டு மணிக்கு என்றான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.